இரண்டு புரோகிராமுக்கு ஒரு குக்கி

"மிஸ், ஒங்க புரோகிராம் நல்லாத்தான் ஓடுது. இந்தப் புள்ளதான் தூங்குது."

போனில் சுப்பையா முதலாளி இப்படித்தான் தொடங்கினார். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் சத்தம் போடுவதும் கேட்டது. அறை பதிவு செய்துவிட்டு வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு வாசலில் நின்றது. உள்ளே அவர்களுக்காக விரித்த கட்டில் ஒன்றுகூட இல்லை.

முதலாளிக்கு மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை, சீகிரியாவில் ஒரு சின்ன ஹோட்டல். நான் மாத்தளையில் ஒரு கம்பியூட்டர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடியாத காலம். செக் பொயின்ட்டுகளைத் தாண்டி ஒரு சுற்றுலாப் பயணி வந்து சேருவதே பெரிய விஷயம். அப்படி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். அந்த வலிக்கு அவர் கண்டுபிடித்த காரணம் புஷ்பராணி. எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து ஹோட்டல் கவுண்டரில் வேலை செய்த பெண். மாசம் முடிய வீட்டுக்குப் போய்விடச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவளும் எனக்குப் போன் எடுத்தாள். "நான் தூங்கல மிஸ். பிரிண்டர்ல ஒண்ணுமே வரல. இந்த வேலை போனா மறுபடி கொழுந்து பறிக்கத்தான் போவணும். அதுக்கா அம்மா என்னைய இவ்வளவு படிக்க வச்சிச்சு?"

எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. வந்து பார்ப்பதாகச் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹோட்டலின் பதிவுகள் ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தில் வந்து விழும். உள்ளே போக லொகின் பண்ண வேண்டும். லொகின் பக்கம் நெளிந்து வளைந்த எழுத்துகளைப் படமாகக் காட்டி, இது என்ன என்று கேட்கும். மனிதருக்கே கண்ணைக் கட்டும் படம், புரோகிராமால் படிக்க முடியாது. அதனால் காலையில் புஷ்பா பிரவுசரில் லொகின் பண்ணுவாள். தளம் அந்தப் பிரவுசரிடம் ஒரு குக்கியைக் கொடுக்கும். தேர்த் திருவிழாவில் செருப்பை வைத்துவிட்டு வாங்குகிற டோக்கன் மாதிரி. டோக்கனை நீட்டுகிறவருக்குச் செருப்பு கிடைக்கும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த டோக்கனைத்தான் என் புரோகிராம் பிரவுசரிடமிருந்து எடுத்துக்கொண்டு, தானும் அதே தளத்துக்குப் போய், புதிய பதிவுகளை இறக்கிக் கவுண்டரிலும் குசினியிலும் பிரிண்ட் பண்ணும். ஒரே ஒரு நிபந்தனை. லொகின் பண்ணும்போது 'ஞாபகம் வைத்துக்கொள்' என்ற பெட்டியில் சரி போட வேண்டும். போடாவிட்டால் குக்கி பிரவுசரின் மடியிலேயே கிடக்கும், வெளியிலிருக்கும் புரோகிராமுக்குக் கிடைக்காது. இதைச் செய்து முடித்தபோது எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சீகிரியாவுக்கு பஸ் ஏறினேன். வழியில் ஒரு சிப்பாய் என் லெப்டொப்பைத் திறக்கச் சொல்லி, இதற்குள் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். குக்கி என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஹோட்டல் வேலை என்றேன்.

ஹோட்டலில் புஷ்பா எனக்கு முன்னால் லொகின் பண்ணினாள். பெட்டியில் ஒழுங்காகச் சரி போட்டாள். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பகல் அவள் சாப்பிடப் போனாள், முதலாளி வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். பிரவுசரைத் திறந்து, வெளிநாட்டுத் தளத்தில் தன் ஹோட்டலின் படத்தைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல ரசித்தார். புஷ்பா திரும்பி வருவதைக் கண்டதும் லொக் அவுட் பண்ணினார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். பிரிண்டர் அதோடு அடங்கிவிட்டது.

என் புரோகிராமோ 'ஓடுகிறது' என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. லொக் அவுட் பண்ணியதும் குக்கி செல்லாமல் போயிருந்தது. அந்தத் தளம் அப்படி. செல்லாத குக்கியோடு போனால் வெளியே போ என்று விரட்டாது. பதிவு எதுவும் இல்லை என்று வெறும் பக்கத்தை நீட்டும்.

"முதலாளி, இப்ப என்னா செஞ்சீங்க?"

"பூட்டினேன்."

"தெனமும் பூட்டுவீங்களா?"

"பூட்டாம எந்திரிக்கிறதா? கலவரத்துல ஏங் கடைய ஒடச்சுத்தான மிஸ் எரிச்சானுங்க. அன்னையிலருந்து எதையும் தொறந்து போட்டுட்டு நான் சோத்துல கை வச்சதில்ல."

கேலி செய்வதற்காக மனதில் சேர்த்து வைத்திருந்த வசனமெல்லாம் அப்படியே அடங்கிப்போனது. அவரை நினைத்துப் பாவமாக இருந்தது, புஷ்பா மேல் அவர் போட்ட பழியை நினைத்துக் கோபமாகவும் இருந்தது. டோக்கன் கதையைச் சொன்னேன். "பிரவுசரும் ஒரு புரோகிராம்தான், ரெண்டு புரோகிராமுக்கும் டோக்கன் ஒண்ணுதான் முதலாளி. நீங்க லொக் அவுட் பண்ணுனா செருப்பக் கையோட எடுத்துட்டுப் போன மாதிரி. என் புரோகிராம் பொழுதுக்கும் டோக்கன நீட்டிக்கிட்டு நிக்கிது, அங்க செருப்பு இல்ல."

"அப்ப பகலைக்கப்புறம் வர்ற பதிவு?"

"மறுநா காலையில புஷ்பா லொகின் பண்ணுனாத்தான் வரும்."

"அப்ப தூங்கினது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். குசினியிலிருந்து சமையல்காரர் இருமினார். சும்மா இருமியதாகத் தெரியவில்லை.

இனி லொக் அவுட் பண்ண வேண்டாம் என்றேன். பெரிதாகத் தலையாட்டினார். அடுத்த தடவை எழுந்தபோது கை தானாக மவுஸுக்குப் போனது. இந்த மனிதரைத் திருத்துவதைவிடப் புரோகிராமைத் திருத்துவது சுலபம் என்று அங்கேயே உட்கார்ந்தேன். தேத்தண்ணி நேரத்துக்குள் 'பூட்டு' என்று ஒரு பெரிய பட்டன் வைத்தேன். அழுத்தினால் முதலில், அதுவரை வந்த பதிவுகளையெல்லாம் இறக்கும், பிறகு லொக் அவுட் பண்ணும், கடைசியில் 'பூட்டியாச்சு, திறக்க லொகின் பண்ணவும்' என்று திரை முழுக்கச் சிவப்பில் காட்டும். வந்து உட்காருகிற யாருக்கும் அது தெரியாமல் போகாது.

"இப்பதான் மிஸ் இது புரோகிராம்" என்றார் முதலாளி. பிறகு புஷ்பாவைப் பார்த்தார். அவள் பிரிண்டருக்குப் பேப்பர் அடுக்குகிற பாவனையில் நின்றாள். 'மன்னிச்சுக்கோ' என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமிய செருமலில் வாசலில் நின்ற த்ரீவீல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். வந்தது வேறு சொல்.

"புஷ்பா, இனிமே இத நான் பூட்டல. நீயே பூட்டு."

"மாசம் முடியிற வரைக்குமா முதலாளி?" என்று கேட்டாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் விடவில்லை.

"மாசம் முடிஞ்சாலும் நீதான் பூட்டணும். எங்கயும் போவாத."

கடைச் சாவியைச் சொந்த மகனிடமே கொடுக்காத மனிதர் அவர். புஷ்பா பேப்பர் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

முதலாளி தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். "பூட்டிட்டேன் முதலாளி" என்று அவள் குரல் கொடுத்தாள். அவர் கோப்பையும் கையுமாகத் திரும்பி வந்து, திரை சிவப்பாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு புரோகிராம்களுக்கு இடையில் ஒரு குக்கியைப் பகிர்ந்து கொடுப்பது பெரிய வித்தையல்ல, பிள்ளைகளே. ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறவர்கள் யார், எழும்போது அவரவர் என்ன செய்துவிட்டு எழுகிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். யார் தூங்கினார்கள் என்பதைப் பிறகு பேசலாம்.