பாப்பாத்தி பாடாமல் விட்ட பெயர்

மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஊர் ரஹாங்கில் டாக்சி ஏறினேன். செண்டாயான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி வாடகை. மடியில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன். அதன் மேல், நாலு இசைத்தட்டுகளைப் புத்தகம் மாதிரி சேர்த்துக் கட்டிய அட்டை. இதைத்தான் ஆல்பம் என்கிறார்கள். எங்கள் கோஷ்டி சிங்கப்பூர் போய்ப் பதிந்து வந்த முதல் ஆல்பம், எல்லாம் சொந்தப் பாட்டு. மேண்டலின் நான். பாடியவள் பாப்பாத்தி, அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள்.

"இந்த நேரத்துல பாட்டுப்பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்கா? உயிர் மேல ஆச இல்லையா சார்?" என்றான் டிரைவர்.

"உனக்கு இருக்கில்ல, அது போதும். ரோட்டைப் பாத்து ஓட்டுலா" என்றேன். ரப்பர் மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்த இடத்தில் அவன் வேகத்தைக் கூட்டினான். கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், சர்க்கார் அவசரகாலம் போட்ட பிறகு அந்த ரோட்டில் யாரும் மெதுவாகப் போவதில்லை.

எங்கள் கோஷ்டி பிறந்ததே அவசரகாலத்தால்தான். தப்பு மேளச் சத்தம் காட்டுக்காரர்களுக்குச் சேதி சொல்கிறது என்று தோட்டத்துத் துரை தப்பைத் தடுத்துவிட்டார். சரிதான் போ என்று மேண்டலின், கித்தார், வயலினோடு லயத்து வரிசை வீட்டுக்குள் உட்கார்ந்தோம். தோல் வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. பாப்பாத்தி பாட, நாங்கள் கம்பியில் தொடர்ந்தோம்.

அவள் புருஷன் காட்டுக்கு அரிசி கொடுத்தான் என்று சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். முகாமில் வைத்திருந்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நாமக்கல் பக்கம் அவன் ஊர். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. என் சிநேகிதன் ஒருவன் இந்த வாரக் கப்பலில் அந்தப் பக்கம்தான் போகிறான். ஒரு தட்டை அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டும், அதற்கு முன் தானும் அதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று பாப்பாத்தி சொல்லியனுப்பியிருந்தாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

முள்கம்பி வேலிக் கதவருகே இறங்கினேன். காவலுக்கு ஒரு மலாய்க்காரப் போலீஸ். என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை முதலில் கண்டுபிடித்தார். சோற்றுப் பொட்டலம் உள்ளே போகக் கூடாதாம், காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடுமாம். "மாக்கான் சினி" என்றார், இங்கேயே சாப்பிடு என்று. வேலை முடிந்து சோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, நடுரோட்டில் நின்று விழுங்கினேன். மானம் போயிற்று.

அடுத்து ஆல்பத்தைத் தட்டினார். "லாகு, பாட்டு" என்றேன். அவர் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். வரிசையில் பாப்பாத்தியும் பால்வாளியோடு நின்றிருந்தாள். "போடுங்கண்ணே, இங்கயே கேட்டுடறேன்" என்றாள்.

போட்டேன். அது பெரட்டுப் பாட்டு. விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. பாட்டில் பாப்பாத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள், என் மேண்டலின் "இருக்கேன்" என்று பதில் சொல்லும். கடைசிப் பெயர் வரும் இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். மேண்டலினும் காத்திருக்கும். தட்டு மட்டும் சுற்றும். பதிவு செய்தவர் அன்றைக்கு எரிச்சலாகி, "மறந்துட்டாங்களா? மறுபடி எடுப்போம்" என்றார். "யோவ், பொம்பள புருஷன் பேர வாயால எப்படிய்யா சொல்லுவா?" என்று நான்தான் சண்டை போட்டு அப்படியே விடவைத்தேன்.

இப்போதும் அந்த இடம் வந்தது. ஊசி கரகரத்தது. வரிசையின் பின்னாலிருந்து, தினமும் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற மண்டோர், பழக்க தோஷமோ என்னமோ, காலைக் குரலிலேயே கூப்பிட்டார்.

"வேலாயுதம்!"

பாப்பாத்தி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளிருந்து சன்னமாக, "இருக்காரு" என்றாள்.

தட்டு முடிந்தது. அர்த்தம் புரியாத போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, போ என்று கை காட்டினார். பாப்பாத்தி நகரவில்லை.

"அனுப்பிடுங்கண்ணே. அந்த எடம் வந்தா அவருக்குத் தெரியும். இருக்கேன்னு சொல்லுவாரு."

"உனக்குக் கேக்காதேம்மா."

"கேக்காட்டி என்ன? சொன்னாப் போதும்."

ஊரடங்குக்கு முன் ரஹாங் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். அந்த ஒரு தட்டை மட்டும் வேட்டித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அந்தக் கரகரப்பே காதில் நின்றது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஏங்க, வந்துட்டீங்களா?" என்றாள். நாலு தடவை கூப்பிட்டாலும் வாய் திறக்காத ஆள் நான்.

"இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் கரண்டியோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.