மாற்றிக் கொடுத்த வாக்குத்தத்தம்

போன ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரம். ஞானராஜ் எழுந்து நின்றான்.

எனக்குத் திக்கென்றது. அவன் எழுந்து பேசுகிற ஆள் கிடையாது.

"பாஸ்டர் ஐயாவுக்கும் சபைக்கும் ஸ்தோத்திரம். சாகக் கெடந்தேன். கர்த்தர் ஒரு ஆளை அனுப்பிச்சாரு. கையில ஒரு வசனத்தைக் குடுத்து அனுப்பிச்சாரு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கு நிக்கிறேன். அந்த ஆளு அந்தா உக்காந்திருக்கான்."

கையை நீட்டி என்னைக் காட்டினான்.

சபை முழுக்க அல்லேலூயா. பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டினார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

ஏன்? சொல்கிறேன்.

ஞானராஜும் நானும் பெருமாள்மலையில் லோடு ஏற்றுகிறவர்கள். கேரட், பீன்ஸ், பூண்டு மூட்டை. பல வருசப் பழக்கம். அவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து, சின்ன வயசில் இங்கே வந்தவன். மனைவி இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. அட்டுவம்பட்டியில் ஒரு ரூம். தனி ஆள்.

போன வருசக் கடைசியில் டி.பி. என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நாலு வாரம் போட்டான். மூத்திரம் சிவப்பாகப் போனது. மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று நர்சம்மா முன்னாடியே சொல்லியிருக்கிறார். இவன் நம்பவில்லை. ரத்தம்தான் என்று முடிவு கட்டி நிறுத்திவிட்டான்.

"விடுறா. வர்றப்ப வரட்டும்" என்றான்.

எது வரட்டும்? நான் கேட்கவில்லை.

புது வருச ஆராதனைக்கு அவன் வரவில்லை. அன்றைக்கு எங்கள் சபையில் எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்தச் சீட்டு வரும். ஆளுக்கு ஒரு வசனம். கண்ணை மூடி, ஜெபம் பண்ணி, ஒன்று எடுக்கணும். அதுதான் அந்த வருசத்துக்குக் கர்த்தர் நமக்குச் சொல்கிற வார்த்தை. பிடிக்கவில்லை என்று மாற்றக்கூடாது. வர முடியாதவர்களுக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

எனக்கு ஒன்று எடுத்தேன். சட்டைப்பையில் போட்டேன். ஞானராஜுக்கு ஒன்று எடுத்தேன். அது ஸ்வெட்டர் பையில்.

வெளியே வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

என் சீட்டில் — நீ சாகமாட்டாய், பிழைத்திருப்பாய் என்கிற மாதிரி ஒரு வசனம்.

அவன் சீட்டில் — மரண இருட்டுக்குள் நடந்தாலும் கூடவே இருப்பேன் என்கிற மாதிரி.

நல்ல வசனம்தான். சாவு வீட்டில் தவறாமல் வாசிக்கிற வசனம். இருமிக்கொண்டு கெடக்கிறவன் கையில் மரணம் என்று அச்சடித்த சீட்டை எப்படிக் கொடுப்பது? நீங்கள் கொடுப்பீர்களா?

அட்டுவம்பட்டி போய்ச் சேரும் வரைக்கும் யோசித்தேன். ஒன்றும் தோணவில்லை. கதவைத் திறந்தான். என் கை சட்டைப்பைக்குப் போனது. என் சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு தரம் படித்தான்.

"எனக்குன்னே வந்திருக்கு பாரு" என்றான். கண் கலங்கியிருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். நர்சம்மா நல்லாத் திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இனிமேல் ஒரு ஆள் பார்க்க முழுங்கணும் என்று கண்டிஷன். அந்த ஆள் நான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிந்ததும் வெள்ளனே போவேன். முழுங்குவான். வாயைத் திறந்து காட்டுவான். "நாக்கைத் தூக்கு" என்பேன். "பெரிய டாக்டரு" என்பான். வேலைக்குப் போய்விடுவேன். வேறு பேச்சு கிடையாது.

அவன் சீட்டு என்னிடம் மாட்டிக்கொண்டது. வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, உங்களுக்கு இப்படி வந்திருக்கு?"

"நல்ல வசனம்தானே."

"நல்ல வசனம்தான்... நீங்க இனிமே லாரி மேல ஏறாதீங்க."

ஏறாமல் எப்படி லோடு ஏற்றுவது? அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு மப்ளர் சுற்றிவிடுகிறாள். சித்திரை வெயிலிலும் சுற்றினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்தார்கள். "கர்த்தர் உங்களை எப்படி உபயோகப்படுத்தியிருக்கார்!"

அவர் கொடுக்கச் சொன்னது ஒன்று. நான் கொடுத்தது ஒன்று. இதில் அவர் எங்கே என்னை உபயோகப்படுத்தினார்? நான்தானே அவர் பேரை உபயோகப்படுத்தினேன்? ஆனால் ஆள் எழுந்து நிற்கிறானே... தப்பு என்றால் எப்படி எழுந்தான்? சரி என்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

சொல்லிவிடலாம். ஆனால் இன்னும் இரண்டு மாச மாத்திரை பாக்கி. அந்தச் சீட்டை நம்பித்தானே முழுங்குகிறான். சொன்னதும் மறுபடி நிறுத்திவிட்டால்? இந்தத் தரம் நிறுத்தினால் காப்பாற்றுவது கஷ்டம் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்.

சொல்லாமல் இருந்தால்? அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

செவ்வாய்க்கிழமை போனேன். டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"முதல்ல முழுங்கு" என்றேன். முழுங்கினான். நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

அப்புறம் சொன்னேன். நாலே வாக்கியம். அவன் சீட்டை அவன் கையில் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் படித்தான்.

"ஏலே, இதுவா எனக்கு வந்துச்சு?"

"ஆமா."

"இதப் பாத்தா பயந்துருவேன்னு மாத்திட்டியாக்கும்."

"ஆமா."

"கூறுகெட்ட பயலே."

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"பொழைப்பேன்னு போட்டிருந்துச்சு. சரின்னு மாத்திரையப் போட்டேன். ஆனா இருமல் வர்றப்பல்லாம், அவரு பொழைப்பேன்னு சொல்லியும் இப்படி இருமுதே, நம்ம விசுவாசத்துலதான் ஓட்டை போலன்னு பயந்து கெடப்பேன். ஒத்தையில. இதுல கூடவே இருக்கேன்னு போட்டிருக்கேடா. எனக்கு அதுதானே வேணும்?"

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என் சீட்டு. அவனுக்கு வேண்டியிருந்தது அவன் சீட்டு. இரண்டையும் கொடுத்திருக்கலாம். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

"அப்ப... மாத்திரை?"

"அதுக்கென்ன?"

"நிறுத்திர மாட்டியே?"

"விடிஞ்சா மப்ளரச் சுத்திக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிற. எப்பிடிறா நிறுத்துறது?"

"சபையில எந்திரிச்சு உண்மையச் சொல்லிரட்டா?"

"என்னான்னு? நான் பொய் சொல்லலையே. கர்த்தர் ஒரு ஆளை அனுப்பிச்சாருன்னேன். கூறுள்ள ஆளுன்னு சொன்னேனா?"

என் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டான். இரண்டையும் மாத்திரை டப்பாவுக்குள் வைத்து மூடினான்.

கர்த்தர் என்னை உபயோகப்படுத்தினாரா, என்னை மீறிச் செய்தாரா? வாசகர்களில் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மாத்திரை நாள். வெள்ளனே போகணும்.