எலிக்கு இன்னொரு இதயம்

சென்ற வாரம் தி. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. வயதானால் வயிற்றை யாராவது ஒருவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சில்லென்று எதையோ தடவிய பெண், "மூச்ச இழுத்துப் பிடிங்க சார்" என்றாள். பிடித்தேன். அவள் விடச் சொன்ன பிறகும் விடவில்லை. மனம் அதற்குள் அடையாறுக்குப் போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. உறவினர்களிடம் "மருத்துவ ஆராய்ச்சி" என்று மிடுக்காகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எலியை மயக்குவதுதான் வேலை. கண்ணாடி ஜாடிக்குள் ஈதரில் நனைத்த பஞ்சு, அதன்மேல் கம்பி வலை, வலையின் மேல் வெள்ளெலி. ஈதரின் தித்திப்பு நெடி சட்டையை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னைக் குடிகாரன் என்று முடிவுகட்டி நகர்ந்து உட்காருவார். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

"மூச்சப் பிடிங்க" என்று எங்களுக்குச் சொன்னவர் டாக்டர் ஸ்டெல்லா. சாந்தோம்காரர், அறுவை மருத்துவர். ஓர் எலியின் இதயத்தை எடுத்து இன்னோர் எலியின் வயிற்றில் வைத்துத் துடிக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மார்பில் அல்ல, வயிற்றில்தான். எலியின் சொந்த இதயம் மார்பில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதியது வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாய்களோடு தைக்கப்பட்டு, வந்த விருந்தாளி போல ஓரமாகத் துடிக்கும். உடல் அதை ஏற்கிறதா, தள்ளுகிறதா என்று தெரிந்துகொள்ள வயிற்றின்மேல் விரல் வைத்தால் போதும்.

சொல்லும்போது எளிது. தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. காற்றில் பறக்கும் என்பதால் மின்விசிறி போடக்கூடாது, ஜன்னலும் திறக்கக்கூடாது. மே மாதத்துச் சென்னையில் அந்த அறையை நீங்களே நினைத்துப் பாருங்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பார், நான் அவர் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டே இருப்பேன். ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் தீர்ந்தது. ஊசி குழாய்க்குள் நுழையும்போது மூச்சுக்காற்றில்கூட நூல் நகரும். அதற்குத்தான் மூச்சைப் பிடிப்பது. எத்தனையோ எலிகள் மேசையிலேயே போய்விட்டன. ஒவ்வொன்றும் போகும்போது டாக்டர் "சாரி" என்பார், எங்களிடம் அல்ல, எலியிடம்.

ஆய்வுக்கூட இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. தீபாவளிக்கு முன் மேலிடத்துக் குழு ஒன்று வரும், அவர்களுக்குத் துடிக்கிற இதயம் ஒன்றைக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அறையும் மைக்ராஸ்கோப்பும் வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். மைக்ராஸ்கோப் போனால் டாக்டருக்கு எல்லாமே போன மாதிரி.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

எங்களிடம் இரண்டு வம்சத்து எலிகள் இருந்தன. ஒரே வம்சத்துக்குள் மாற்றினால் இதயம் நிலைக்கும். வம்சம் மாறினால் ஒரு வாரம், பத்து நாளில் உடலே அதைக் கொன்றுவிடும். இரண்டும் பார்க்க ஒரே வெள்ளை என்பதால் ஒரு வம்சத்துக்கு மட்டும் தலையில் சிவப்புச் சாயப் பொட்டு வைத்திருந்தோம். எலிவீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் முனுசாமியும் அவர் மச்சான் கோதண்டமும். பூஜைக்காக முனுசாமி எல்லாக் கூண்டுகளையும் காலி செய்து, கழுவிக் காயவைத்தார். எலிகளை மொத்தமாக ஒரு பெரிய தொட்டியில் விட்டார். தலையில்தான் பொட்டு இருக்கிறதே என்ற தைரியம். கூண்டைப் பார்த்துத்தான் டாக்டரம்மா எலியை எடுப்பார் என்று நம்பிய கோதண்டம், தொட்டியில் இருந்த அத்தனை எலிக்கும் குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் நான் கத்திய கத்தலுக்குக் கோதண்டம் அசரவில்லை. "இன்னா சார் இப்டி கூவுற? கத்திக்கு வெக்கிறோம், மிஷினுக்கு வெக்கிறோம், நமக்கு சோறு போடுற எலிக்கு வெக்கக் கூடாதா?" டாக்டரே முந்தின நாள் தன் கத்தரிகளைப் பூஜைக்குக் கொடுத்துவிட்டு, பொரி கடலை தின்றவர்தான். எலிகளைக் கழுவிப் பார்த்தோம். பழைய சாயம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. எல்லாம் ஒரே ரோஸ் நிறம்.

வம்சம் பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை. டாக்டர் தொட்டிக்குள் கைவிட்டு இரண்டை எடுத்தார். "வர்றது வரட்டும், ஜாடிய ரெடி பண்ணுங்க" என்றார்.

அன்று பகலிலேயே ஆபரேஷன். ஐஸில் குளிர்ந்த உப்புநீரில், ஓர் எலியிடமிருந்து எடுத்த இதயம், கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, அசையாமல் கிடந்தது. இன்னொன்றின் வயிற்றில் தையல் முடிந்தது. ரத்தக் குழாய்களை இறுக்கியிருந்த கவ்விகளை டாக்டர் எடுத்தார். ரத்தம் பீறிட்டது. பஞ்சால் அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பஞ்சை எடுத்தபோது கசிவு நின்றிருந்தது, இதயமும் சும்மா கிடந்தது. "வெந்நீர்" என்றார். வெதுவெதுப்பான உப்புநீரைச் சொட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். ஒரு நடுக்கம் வந்தது. அப்புறம் தாறுமாறாக ஒரு துள்ளல், பிறகு ஒழுங்காக, டக் டக்கென்று அது துடிக்க ஆரம்பித்தது. நான் அழுதுவிட்டேன். டாக்டர் மின்விசிறியைப் போடச் சொன்னார்.

அதன் பிறகு தினமும் காலையில் அந்த எலியின் வயிற்றில் விரல் வைப்பேன். ஏழாம் நாள் விரல் வைக்கவே பயந்து, காபி குடித்துவிட்டு வந்து வைத்தேன். துடித்தது.

மறுநாள் குழு வந்தபோதும் துடித்தது. கோட்டுப் போட்ட பெரியவர் விரலை வைத்துப் பார்த்து, "சபாஷ்மா!" என்றார். இயக்குநர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "ரெண்டும் ஒரே வம்சந்தானே?" என்று பெரியவர் சும்மா கேட்டு வைத்தார். ஆமாம் என்று சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் கதறினேன். டாக்டர், "தெரியாது சார்" என்றார். தொட்டியையும் குங்குமத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். கோதண்டத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப இது அதிர்ஷ்டம். ஆராய்ச்சி இல்லையேம்மா" என்றார் பெரியவர். பொங்கலுக்குள் அறை கைமாறிவிட்டது.

டாக்டர் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து, தலையில் முக்காடு போட்ட சேலையோடு நேரே எலிவீட்டுக்கு வருவார். எலியைத் தூக்கி விரல் வைப்பார்.

"பேசாம ஆமான்னு சொல்லியிருக்கலாம் டாக்டர்" என்றேன் ஒருமுறை.

"சொல்லியிருந்தா இப்ப இது துடிக்கிறது எனக்குப் பிடிக்குமாப்பா?" என்றார்.

அந்த எலி வெகுகாலம், கிழடாகும்வரை இருந்தது. ஆக, இரண்டும் ஒரே வம்சம்தான். அதைச் சொன்னால் கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. எலிவீடு இருந்த பக்கம் கார்கள் நிற்கின்றன. ஈதரை யாரும் தொடுவதில்லை. முனுசாமியும் கோதண்டமும் போய்விட்டார்கள். போன வருஷம் டாக்டரும் போன செய்தி கேட்டு சாந்தோமுக்குப் போனேன். மகள் காபி கொண்டுவந்தாள். "அம்மா காலம் முழுக்க அப்பெண்டிக்ஸ், ஹெர்னியான்னு சின்னச் சின்ன ஆபரேஷன்தான் பண்ணாங்க அங்கிள். அதுலயே திருப்தியா இருந்தாங்க" என்றாள்.

நான் எலியைப் பற்றிச் சொன்னேன். அவள் காபித் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று கேட்டாள்.

"எங்கம்மாவா?" என்றாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."