தலையை ஆட்டாத ஏலக்காரர்

சாவகச்சேரிச் சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிற அருட்செல்வனுக்கு வாய் பாதி, தலை பாதி. "ஒருதரம்" என்றால் தலை இடப்பக்கம் போகும், "ரெண்டுதரம்" என்றால் வலப்பக்கம். மூன்றாம் தரத்துக்கு மேலும் கீழுமாக ஒரு வெட்டு, குலை விற்றுப்போகும். கலியாணத்துக்கு முந்திய காலத்திலிருந்து அந்தக் கழுத்து ஓய்ந்ததில்லை.

அந்த மனுசனைத்தான் ஸ்கான் மெசினுக்குள் படுக்கவைத்து, "அசையாதேங்கோ" என்றார்கள்.

மூளையில், பேச்சு இருக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு கட்டி. வெட்டி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பேச்சு எல்லாருக்கும் அச்சொட்டாக ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. சொற்களை நினைக்கும்போது மூளையில் எங்கே இரத்தம் கூடுதலாக ஓடுகிறது என்று படம் எடுத்துப் பார்த்தால்தான், எங்கே கத்தி படக்கூடாது என்று தெரியும். டொக்டர் மதுரா பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"பச்சை வெளிச்சம் வந்தால் வாழைப்பழங்களின்ரை பேரை மனசுக்குள்ளை மட்டும் சொல்லுங்கோ, ஐயா. வாயும் தலையும் அசையப்படாது."

பச்சை வந்தது. கதலி, இதரை, கப்பல் என்று மனம் தொடங்க, தலையும் கூடவே தொடங்கிவிட்டது. படம் முழுக்கக் கலங்கல். அடுத்த கிழமையும் அதே கதைதான்.

"இன்னும் ஒருக்கால் பாப்பம். அதுவும் சரிவராட்டில் குத்துமதிப்பாய் மட்டுக்கட்டித்தான் வெட்டவேணும்," என்றார் மதுரா.

சாவுக்குக்கூட அருட்செல்வன் அவ்வளவு பயப்படவில்லை. சந்தைக்குள் ஊமையாக நிற்பதைத்தான் நினைக்க முடியவில்லை. "மட்டுக்கட்டி வெட்ட என்ரை மூளை என்ன பூசணிக்காயோ?" என்று பஸ்ஸிலேயே மனைவி உதயகலாவிடம் சீறினார். வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து, தலை அசைந்தால் தெரியட்டும் என்று நெற்றியில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, வைத்துக்கொண்டு மல்லாந்தார். மனதுக்குள் ஏலம் தொடங்கும்; தேசிக்காய் உருண்டு அலுமாரிக்கு அடியில் போகும். எடுத்து வைப்பார். மறுபடியும் உருளும். விடாக்கண்டனாகத் தினமும் இதே கூத்து. கடைசியில் உதயகலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஏலம் கூறாதேங்கோ. வாங்க வந்த ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு கிடவுங்கோ. ஆரோ ஒருத்தன் அழுகல் குலையளைக் காட்டுறான். பேரை மட்டும் நினையுங்கோ. தலையை ஆட்டினியள் எண்டால், குலை உங்கடை தலையிலைதான்."

பட்டவள் சொல்கிறாள். கலியாணத்துக்கு முன் ஒருநாள் சந்தையில், முகத்தில் மொய்த்த இலையானைக் கலைக்கத் தலையை ஆட்டிய உதயகலாவின் தலையில், வாங்கச் சம்மதம் என்று சொல்லி அழுகல் குலையைக் கட்டிய ஏலக்காரரே இவர்தான்.

அன்றைக்குத் தேசிக்காய் உருளவில்லை.

மூன்றாந்தரம் மெசின் டக்குடக்கென்று இடித்தது. பச்சை வந்தது. மொந்தன் என்று நினைத்தார், ஆட்டவில்லை. கப்பல், ஆட்டவில்லை. இதரை, அதுவும் கறுத்துப்போன இதரை. ஆட்டுவேனோ, போடா! பல்லைக்கூடக் கடிக்காமல் கிடந்தார்.

படம் தெளிவாக வந்தது. "கட்டிக்கும் பேச்சுக்கும் நடுவிலை கொஞ்சம் இடம் இருக்கு, ஐயா. அது போதும்," என்று மதுரா சிரித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது மதுரா பக்கத்திலேயே நின்றார். "ஐயா" என்று ஒருதரம் கூப்பிட்டார். ரெண்டுதரம் கூப்பிட்டார். அருட்செல்வன் முகட்டைப் பார்த்தபடி மரக்கட்டையாகக் கிடந்தார். உதயகலா அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

மதுரா குனிந்தார். "ஐயா, ஏதாவது கதையுங்கோ."

உதடு மெல்லப் பிரிந்தது.

"டொக்டர், இப்ப தலையை ஆட்டலாமோ?"