கறாரம்மாவின் சிவப்புப் பெட்டி

எங்கள் மருத்துவமனையில் அவளைக் கறாரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் அறை அவளுடையது. அதற்கு முன்னால் இருக்கும் மருந்துக் கவுன்டர் என்னுடையது. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பதினோரு வருடமாக அந்தத் தடுப்பின் வழியாகச் சண்டை போட்டுவிட்டு, மதியம் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறப்பவர்கள் நாங்கள்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். சீட்டு எண்ணைத் தட்டினால், அவள் எழுதிய புரோகிராம் பதிவேட்டுப் பிரிவின் தரவுத்தளத்திடம் கேட்டு, நோயாளியின் பெயர், வயது, மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றையும் என் திரைக்குக் கொண்டுவரும். பதில் அட்டவணைபோலப் பத்தி பத்தியாக வரும்: வயதுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ஒவ்வாமைக்கு ஒன்று. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர் உண்டு. பதிவேட்டுக்காரர்களோ யாரிடமும் சொல்லாமல் ஏதாவது ஒரு பத்தியின் பெயரை மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான், என் திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி. 'இந்தப் பெயரில் பத்தி இல்லை. வந்திருக்கும் பத்திகள்:' என்று கீழே ஒரு பட்டியல். அதை அவள் சரிசெய்யும்வரை ஒரு மாத்திரை நகராது.

"ஏம்மா, கிடைக்கலைன்னா அந்த இடத்தைக் காலியா விட்டுட்டுப் போகக் கூடாதா? வரிசைல நிக்கறவங்க என்னைக் கடிச்சுக் குதறாங்க!"

"காலியா இருக்கறது வேற, தெரியாம இருக்கறது வேற அண்ணா" என்பாள், தலையைக்கூடத் திருப்பாமல்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் எலக்ட்ரீஷியன். ஒருநாள் என்னிடம் புலம்பினார்: "சாவி எங்கேன்னு கேட்டா, 'அங்கதான் இருக்கும்'னு சொல்லக் கூடாதாம் சார். பாத்தேன், பாக்கல, ரெண்டுல ஒண்ணு சொல்லணுமாம்." புலம்பினாரே தவிர, முகம் கொள்ளாத சிரிப்பு.

அந்த மாதம் மூன்றாவது முறையாகச் சிவப்புப் பெட்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "எழுதிக் கொடுங்க, இன்னைக்கே மாத்தச் சொல்றேன்" என்று நிர்வாகி ஏற்கெனவே சொல்லியிருந்தார். நின்றபடியே எழுதினேன்: கிடைக்காத பத்தியைக் காலியாகக் காட்டினால் போதும். கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எதிரே ஒருவர், காய்ச்சலில் துவண்ட சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "அக்கா பொண்ணு சார். அக்கா வேலைக்குப் போயிருக்கா. சீக்கிரம் குடுங்க."

காணாமல் போயிருந்தது ஒவ்வாமைப் பத்தி. சீட்டைப் பார்த்து மருந்துப் புட்டியை எடுத்தே விட்டேன். "பாப்பாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்!"

கண்ணாடியைத் தட்டினேன். கறாரம்மா வந்திருந்த பட்டியலைப் பார்த்தாள். புதிய பெயர் ஒன்று இருந்தது. "பாத்தாலே தெரியுதே, மாத்தித் தொலையேன்" என்றேன். அவள் மாற்றவில்லை. பதிவேட்டுப் பிரிவுக்குப் போன் போட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் விசைப்பலகையில் கை வைத்தாள். ஏழு நிமிடம் ஆயிற்று.

திரை திறந்தது. 'பென்சிலின் ஒத்துக்காது. முன்பு மூச்சுத்திணறல் வந்தது.'

என் கையிலிருந்த புட்டி அந்த வகைதான். அதை அலமாரியில் திருப்பி வைத்தேன். அந்த இடம் காலியாக இருந்திருந்தால், ஒவ்வாமை இல்லை என்று படித்துவிட்டு நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். தாய்மாமனும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். வேறு மருந்து எழுதி வாங்கி வந்தார். போகும்போது சிறுமி தோளிலிருந்து எனக்குக் கையசைத்தாள்.

சாயங்காலம் நிர்வாகி வந்தார். அதற்குள் சட்டைப்பையிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன். "என்ன சார், கறாரம்மா மேல புகார் எழுதிட்டீங்களா?"

"அந்தப் பேர்ல எதுவும் இல்ல சார்" என்றேன். "வந்திருக்கறது ஒரே ஒரு விண்ணப்பம்தான். பத்தியோட பேரை மாத்தறதுக்கு முன்னாடி பதிவேட்டுக்காரங்க இந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறாரம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.