கேத்தாம் தீவில் ஐந்து வெள்ளி சைக்கிள்

சனிக்கிழமை காலை 6.50. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வாடகை அறையிலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. தோள்பையில் இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு தொப்பி, ஒரு பெட்டி பிளாஸ்தர். தீவு பார்க்கப் போகிறவளுக்குப் பிளாஸ்தர் எதற்கு என்று கேட்கலாம். நான் கேத்தாம் தீவுக்குப் போனது கடல் பார்க்க அல்ல. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள.

எனக்கு இருபத்தாறு வயது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியை முடித்த முதல் ஆளும் நான்தான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் கேரி தீவுத் தோட்டத்தில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஏழு வயதில் ஏறிவிட்ட சைக்கிளில் நான் ஏறியதே இல்லை. வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் அம்மாவுடையது. எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளியில் இறக்கிவிடுவார். ஆறு வருடம் அப்படித்தான் போனேன். ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் ஒரே பதில், ‘நீ படி.’ மீன் வெட்டப் போனாலும் அதே பதில். துணி துவைக்கப் போனாலும் அதே பதில்.

போன மாதம் அலுவலகத் தோழிகள் லங்காவிக்குக் கிளம்பினார்கள். அங்கே சைக்கிள் எடுத்துக் கடற்கரையோரம் ஓட்டப்போவதாகத் திட்டம். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். அன்று முடிவு செய்தேன். கார் இல்லாத ஓர் இடம், என்னைத் தெரிந்தவர் இல்லாத ஓர் இடம், போய்வர என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் ஓர் இடம். மூன்றும் சேர்ந்தது கேத்தாம் தீவுதான்.

7.15. கிள்ளான் துறைமுகம் போகும் கொம்யூட்டர் ரயில். கட்டணம் ஐந்து வெள்ளிச் சொச்சம். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது.

8.15. கிள்ளான் நிலையத்தில் அம்மா ஏறினார். கேரி தீவுக்குப் பக்கத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. தோட்டத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார், கையில் ஒரு சுமைப்பை. புளிச்சோறு, நெத்திலி சம்பல், அவித்த முட்டை, ஒரு பழைய துண்டு. தீவு பார்க்கலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தேன், சைக்கிள் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார், என்னையும் விடமாட்டார்.

“தீவு பார்க்கணும்னா நம்ம கேரி தீவு இல்லையா? அங்கேயே பொறந்த. அதப் பார்க்க யாராச்சும் டிக்கெட் கேட்டாங்களா?” என்றார். எதிரில் இருந்த மலாய்க்கார அக்காவுக்குத் தமிழ் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

கடைசி நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. போக ஒரு ஆளுக்குப் பத்து வெள்ளி, வர பத்து வெள்ளி. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படகுக்குள் குளிரூட்டி உண்டு, ஆனால் கண்ணாடி மங்கி எதுவும் தெரியாது. பின்பக்கம் திறந்த இடத்தில் நின்றால் கொள்கலன் கப்பல்களையும் பளுதூக்கிகளையும் அண்ணாந்து பார்த்தபடி போகலாம். அவை முடிந்ததும் இரு பக்கமும் அலையாத்திக் காடு. நாற்பது நிமிடத்தில் கரை.

9.45. கரை என்று சொல்வது தவறு. மணலே இல்லை. சேற்றில் ஊன்றிய கால்கள்மேல் ஊர் முழுவதும் நிற்கிறது. வீடு, கடை, கோயில், பள்ளி எல்லாம் அப்படித்தான். வீதிகள் சிமெண்டுப் பலகை போட்ட பாலங்கள். அகலம் இரண்டு சைக்கிள் ஒதுங்கிப் போகுமளவு. சில இடங்களில் கைப்பிடி உண்டு, சில இடங்களில் இல்லை. ஆள் உயரத்துக்குக் கீழே சேறு. தண்ணீர் வற்றிய நேரம் போனால் அந்தச் சேற்றில் நண்டுகளையும், துடுப்பை ஊன்றித் துள்ளும் மீன்களையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். காசு இல்லை. வாசலில் இறால் காயவைப்பதையும் வலை பின்னுவதையும் பார்க்கலாம், அதற்கும் காசு இல்லை. சீனர் மீன்பிடி கிராமம், கோயில்கள் திறந்தே இருக்கின்றன. மிதக்கும் மீன் பண்ணைக்குத் தனிப் படகு வேண்டும். கும்பலாகப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

துறையருகே சைக்கிள் வாடகைக் கடை. நாள் முழுக்க ஐந்து வெள்ளி. கடைக்காரர் அறுபது வயதுச் சீன ஆன்டி.

“ஒண்ணு போதும்,” என்றார் அம்மா. “நான் ஓட்டுறேன். நீ பின்னால உக்காரு.”

“நான் ஓட்டத்தாம்மா வந்தேன்.”

அம்மா ஆன்டியிடம் திரும்பி, இந்தப் பெண்ணுக்கு ஓட்டத் தெரியாது, இவள் பட்டதாரி என்று மலாயில் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில். ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளை ஓட்டுகிறது, பார்த்துப் போ, விழுந்தால் நண்டுதான் வந்து தூக்கும் என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும், இரண்டு காலும் தரையில் படும்படி இருக்கையை இறக்கித் தரச் சொன்னேன். கைப்பேசியில் காணொளிகள் பார்த்துத் தயாராக வந்திருந்தேன்.

“போன்ல பார்த்து சைக்கிள் ஓட்டுறவள இப்பதான் பார்க்கிறேன்,” என்றார் அம்மா.

10.15. கோயிலுக்குப் பக்கத்தில் கூரை போட்ட கூடைப்பந்துத் திடல். அந்த நேரத்தில் காலியாக இருந்தது. மிதிக்காமல் காலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும், சமநிலை வந்தபிறகு மிதிக்க வேண்டும். பாடம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சைக்கிள் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா கேரியரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விடச் சொன்னேன், சரி என்றார். மறுபடி தள்ளினேன். மறுபடி பிடித்தார். அரைமணி நேரம் இப்படியே. கடைசியில் நான் இறங்கி, நீங்கள் இறால் வாங்கப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குரலை உயர்த்தினேன்.

அம்மா போகவில்லை.

“உன் தாடையில இருக்கே தழும்பு, அது நான் சொன்ன மாதிரி படிக்கட்டுல விழுந்தது இல்ல,” என்றார். “என் கேரியர்ல இருந்து விழுந்தது. ஒண்ணாம் வகுப்பு அப்ப. மழ பேஞ்ச ரோடு. நான்தான் வழுக்க விட்டேன்.”

கேரியரை விடாமலேயே மீதியையும் சொன்னார். இரண்டு நாள் எனக்குப் பள்ளி போயிற்றாம், அவருக்குக் கூலி போயிற்றாம். மூன்றாம் நாளிலிருந்து ஒரு துண்டால் என்னைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டுதான் ஓட்டினாராம். சைக்கிள் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும், வேறு எதற்கும் நான் அதைத் தொடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தாராம். அந்தத் துண்டு எனக்கு ஞாபகம் இருந்தது. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் கட்டுவார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கோபம் போய்விட்டது. ஓட்டும் எண்ணம் போகவில்லை.

“படிச்சு முடிச்சாச்சும்மா,” என்றேன். “இப்ப விடுங்க.”

உடனே விடவில்லை. பிறகு விட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, திடலோரம் கிடந்த நெகிழி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “விழுந்தா கூப்பிடு.”

மூன்று முறை விழுந்தேன். கூப்பிடவில்லை. 11.40க்குத் திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கால் ஊன்றாமல் போய்ச் சேர்ந்தேன். திரும்பத் தெரியாததால் வேலிக்கம்பியில் முட்டி நின்றேன். சத்தம் கேட்டு அம்மா திரும்பினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

12.30. கோயில் படியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அம்மா பையிலிருந்த துண்டை எடுத்து என் முட்டியில் இருந்த சிராய்ப்பைத் துடைத்தார், நான் பிளாஸ்தர் ஒட்டினேன். சாப்பாட்டுக்குச் செலவு ஐஸ் கச்சாங் என்ற இனிப்புப் பனித்துருவல் ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி. கிண்ணம் நிறைய வந்ததால் இரண்டு பேருக்கும் போதும்.

1.30. அம்மா தானாகவே கடைக்குப் போய் இன்னொரு சைக்கிள் எடுத்துவந்தார். எனக்கு முன்னால் ஓட்டினார். வீதி குறுகும் இடங்களில் வேகத்தைக் குறைத்தார், எதிரில் மின்சைக்கிள் வந்தால் மணியடித்து நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. கைப்பிடி இல்லாத ஒரு பாலத்தில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊரின் கடைசி வீடுவரை போனோம். அதற்கப்பால் சேறும் காடும் கடலும்தான். அங்கே நின்று தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்தோம். கடலை அன்றைக்கு அப்போதுதான் கவனித்தேன்.

3.40. சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஆன்டி என் முட்டியைப் பார்த்துவிட்டு, நண்டு தூக்கியதா என்று கேட்டார். இல்லை, நானே எழுந்தேன் என்றேன் மலாயில். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

4.00. படகு. மறுபடியும் பின்பக்கம் நின்றோம். கேத்தாமில் வாழ்பவர்களுக்கு அரிசி, மருந்து எல்லாம் படகேறி வர வேண்டும், அதனால் அது தீவு என்பதை அவர்களால் மறக்க முடியாது. எங்கள் கேரி தீவுக்குப் பாலம் போட்டாயிற்று. லோரிகளும் கார்களும் நேரே உள்ளே வருகின்றன. செம்பனைக்கு நடுவே அந்த நீண்ட சாலையில் வளர்ந்த எனக்கு, நான் ஒரு தீவுக்காரி என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. அந்தச் சாலையை நான் பார்த்ததெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான், பக்கவாட்டில். முன்னால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

5.20. கிள்ளான் நிலையம் வந்தது. அம்மா சுமைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார்.

“என் சைக்கிளு வீட்டுக்குப் பின்னாலதான் நிக்குது,” என்றார். “டயர் ரெண்டும் மாத்தணும். மாத்தி வைக்கிறேன். அடுத்த லீவுக்கு வா, பாலத்துல இருந்து தோட்டம் வரைக்கும் ஓட்டிப் பாரு.”

“அப்ப நீங்க எதுல வருவீங்க?”

கதவு திறந்தது. அம்மா பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டுத்தான் சொன்னார்.

“கேரியர் இருக்குல்ல.”