இருபதாவது கட்டம்

இருபத்தொரு நாளில் திருந்திவிடுவது என்று என் அப்பா முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது. திருந்துவதற்கு நாள் கணக்கு உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. டை கட்டிய ஒரு சார், எந்தப் பழக்கத்தையும் இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் அது ரத்தத்தில் ஊறிவிடும் என்று சொன்னாராம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தார்.

நோட்டில் இருபத்தொரு கட்டம். கோபப்படாத நாளுக்கு டிக். கோபப்பட்டால் பெருக்கல் குறி. ஒரு பெருக்கல் விழுந்தாலும் திரும்ப முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குறி போடுவது திருந்துகிற ஆள் இல்லை. கூடவே இருந்து பார்க்கிற, பொய் சொல்லாத ஒருவர். அப்பாவைத் தவிர அப்போது வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். அதனால் பொய் சொல்லாதவள் என்கிற பதவி எனக்கு வந்தது.

அம்மா குளத்தூரில் மாமா வீட்டில் இருந்தாள். போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்களுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். வீடும் ஆபீசும் ஒரே சுற்றுச்சுவருக்குள். முற்றம் முழுக்கக் குச்சி காயும். ஐப்பசியில் ஒருநாள் சடாரென்று மழை பிடித்துக்கொண்டது. அம்மா அடுப்படியிலிருந்து தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் பாதிக் குச்சி நனைந்துவிட்டது. குச்சியைக் கட்டையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த இருபது பெண்களுக்கு முன்னால் அப்பா கத்தினார். "ஒங்கப்பன் வீட்டு உப்பளத்துல உப்பு அள்ளத்தாம்ட்டி நீ லாயக்கு!" அவர் கை நீட்டுகிற ஆள் இல்லை, வாய்தான். ஆனால் அந்த வாய்க்கு இரண்டு கையும் தேவையில்லை. அம்மா ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு இருந்தேன். சனிக்கிழமைதோறும் மாமா பைக்கில் வந்து கூட்டிப்போவார்.

நோட்டு விஷயத்தை மாமாதான் அம்மாவின் காதில் போட்டார். அவள், "இருபத்தொண்ணும் டிக்கா இருந்தா வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றாளாம். ஆகவே அம்மா வருவதும் வராததும் என் பேனாவில் இருந்தது. பத்து வயதில் இது பெரிய உத்தியோகம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்பா திருந்த ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. கோபம் வந்தால் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். முதல் வாரத்தில் அப்பா குடித்த தண்ணீருக்கு எங்கள் கரிசல் மண்ணில் ஒரு போகம் உளுந்து விளைந்திருக்கும். பெட்டியில் லேபிளைத் தலைகீழாக ஒட்டிய பெண்ணிடம் போய், "பரவாயில்லம்மா, பாத்து ஒட்டு" என்றார். அந்த அக்கா பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, மொதலாளிக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டாள்.

பதினெட்டாவது நாள் நாங்கள் மேகமலைக்குப் போனோம். இதுவும் சாருடைய யோசனைதான். குடும்பத்தோடு மூன்று நாள் அமைதியான மலையில் இருந்தால் மனசு சுத்தமாகிவிடுமாம். பொங்கல் லீவு வேறு. அம்மா எனக்காக வரச் சம்மதித்தாள். திரும்பும்போது தன்னைக் குளத்தூரில் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிற ஆம்னி வேனைத் துடைத்து, மருந்து வாசனை போக ஊதுபத்தி கொளுத்தி, அப்பாவே ஓட்டினார். அம்மா முன்சீட்டில் உட்காராமல் என்னோடு பின்னால் உட்கார்ந்தாள்.

மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் அறை. சுற்றிலும் தேயிலை, பனி, அதைவிட்டால் ஒன்றுமில்லை. இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்த்துப் பழகாத எனக்குக் கொஞ்சம் திகட்டியது. அப்பாவுக்கோ அந்த அமைதி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆபீசில் பத்துப் பேர் பேச, ரேடியோ பாட, நடுவில் கத்திப் பழகியவர். இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் நாள் டீ போட அடுப்புப் பற்றவைக்கப் போனார். எங்கள் ஆபீஸ் தீப்பெட்டி. மலை ஈரத்தில் பதத்துப்போய் ஆறு குச்சி கிழித்தும் ஒன்றும் பற்றவில்லை. வாட்ச்மேன் வந்து ஒரு லைட்டரை நீட்டினார். ஒரு தீப்பெட்டி முதலாளிக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அப்பா சிரித்தார். ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தார். நான் பதினெட்டாம் கட்டத்தில் டிக் போட்டேன்.

பத்தொன்பதும் டிக்.

இருபதாம் நாள் மத்தியானம். அப்பா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா படியில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் கையால் தலை வாரிக்கொண்டு எவ்வளவு நாளாயிற்று என்று இருந்தது எனக்கு. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஊர்ல பால்வாடியில வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன் பாப்பா. வரச் சொல்லிட்டாவ. ஸ்கூல்லயும் ஒனக்கு எடம் கேட்டு வச்சிருக்கேன்." சீப்பு கொஞ்சம் நின்றது. "அங்கன வந்து எங்கூட இருக்கியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி! மழை! குச்சி பூரா நனையுதுட்டி! வெளங்காத மூதி, மரம் மாதிரி நிக்கா பாரு! அள்ளுட்டி, அள்ளு!"

அம்மா சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். அவருக்கு முன்னால் அவள்தான் ஓடினாள். மழைக்குள் இறங்கி, புல்தரையில் குனிந்து, இரண்டு கையையும் விரித்துவிட்டாள். அள்ளுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? புல்தான். பின்னாலேயே ஓடிவந்த அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றபிறகுதான் முழுசாக முழித்தார். மலை உச்சியில், கொட்டுகிற மழையில், இல்லாத குச்சியை அள்ளவந்த இரண்டு பேரும் தெப்பமாக நனைந்துகொண்டு நின்றார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன். அப்பாவும் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. குனிந்தவள் நிமிர்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நியாயமாகச் சொன்னால், அவர் என்னை ஏமாற்றச் சொல்லவில்லை. "பாப்பா, நீ பாத்ததப் போடு" என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

அறைக்குள் போய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பெருக்கல் போட்டால் மறுபடி ஒன்றிலிருந்து இருபத்தொன்று. அடுத்த வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் ஆடும்போது அம்மா இருக்கமாட்டாள். தூக்கத்தில் வருவது கோபத்தில் சேருமா? சேராது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இருபதாம் கட்டத்தில் டிக் போட்டேன். சந்தேகம் வராமல் இருக்க அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தியும் போட்டேன்.

சாயங்காலம் அம்மா நோட்டைக் கேட்டு வாங்கினாள்.

"இன்னைக்கும் டிக்கா?"

"ஆமாம்மா. அப்பா தூக்கத்துலல்லா பேசுனாவ. கோவப்படல."

அவள் பழைய கட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "இதுல எத்தன இது மாதிரி?"

அம்மாவிடம் பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. விரலை மடக்கினேன். மருந்து அரைக்கிற மிஷின் நின்றுபோன நாள், கரண்ட் ஆபீஸ்காரரோடு சண்டை போட்ட நாள், சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்துவிட்டுத் தானே துடைத்த நாள், இன்னும் இரண்டு நாள். "அஞ்சும்மா" என்றேன். "இன்னையோட ஆறு."

"அப்பா போடச் சொன்னாவளா?"

"இல்ல. நானாத்தான்."

"எதுக்குட்டி?"

"நீ வரணும்லா."

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட சடையைப் பின்னி முடித்தாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள், வலித்தது. அதன்பிறகு பால்வாடியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

மறுநாள் இறங்கினோம். சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி நெருங்கும்போது அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். நேரே போனால் வீடு. குளத்தூர் போக ஊருக்கு வெளியிலேயே சுற்றிப் போய்விடலாம். அப்பா திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு கேட்டார். "குளத்தூருக்கு விடட்டுமா?"

"வேண்டாம். நாளைக்கு இவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. வீட்டுக்கே விடுங்க" என்றாள் அம்மா.

அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்! அன்று ராத்திரி இருபத்தொன்றாம் கட்டத்தில் உண்மையான டிக் போட்டேன். அதற்கு அடுத்த வாரமே அப்பா பழையபடி ஆகிவிட்டார். நோட்டு எங்கே போனதென்று யாரும் தேடவில்லை. பால்வாடி வேலைக்கு வேறொருத்தி போனாள். அம்மா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மழை வந்தால் இன்றைக்கும் முதலில் ஓடுகிறாள்.

என் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் வேலை பார்க்கிற இடத்திலும் கதையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். போன வருசம் அதையே மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நீ வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, அவ அன்னைக்கே ஒன்னயும் கூட்டிட்டு இங்கன வந்திருப்பா. பொய்யா டிக் போட்டாவது பிள்ள அங்கதான் இருக்கப் பிரியப்படுதுன்னு எங்கிட்டச் சொல்லி அழுதா" என்றார்.

படியில் வைத்து அம்மா கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.